பிலிம் வழியே புகும் ஆக்சிஜனை அளப்பது

ஒரு சதுர மீட்டர் பிலிம் வழியே 24 மணி நேரத்தில் எத்தனை கன சென்டிமீட்டர் ஆக்சிஜன் ஊடுருவுகிறது என்பதே ஆக்சிஜன் ஊடுருவல் வீதம். பவுச் விற்பவர்களும் பரிசோதனைக் கூடத்தினரும் இதைச் சுருக்கமாக ஓ.டி.ஆர். என்பார்கள். கடலை மிட்டாய், நேந்திரங்காய் சிப்ஸ், காப்பித்தூள் போன்றவற்றைப் பொட்டலமிட்டு மூன்று மாதம் கடையில் வைக்க நினைப்பவருக்கு இந்த எண் தேவை. எண்ணெய்ப் பண்டத்தில் சிக்கு வாடை வருவதற்கும் காப்பித்தூள் மணம் இழப்பதற்கும் ஆக்சிஜன் முக்கியக் காரணம்.

பிலிமில் ஓட்டை இல்லாவிட்டாலும் ஆக்சிஜன் உள்ளே போகும். வெளிப்பரப்பில் கரைந்து, பிளாஸ்டிக் மூலக்கூறுகளின் இடுக்குகளில் நகர்ந்து, உட்பரப்பில் வெளியேறும். இரு பக்கமும் ஆக்சிஜன் அழுத்தம் எவ்வளவு வேறுபடுகிறதோ அந்த அளவுக்கு வேகமும் கூடும். இந்த அத்தியாயத்துக்கு இவ்வளவு கோட்பாடு போதும்.

### தொடங்குமுன்: எந்த எண்ணை எதிர்பார்ப்பது?

எதிர்பார்க்கும் எண் தெரியாமல் அளக்கத் தொடங்கினால், தவறான முறையைத் தேர்ந்தெடுக்க நேரும். கருவி பழுதாகவும் கூடும். 23 டிகிரி செல்சியஸில், உலர்ந்த நிலையில், ஒரு பக்கம் தூய ஆக்சிஜன் இருக்கும்போது, 25 மைக்ரான் தடிமனுள்ள சாதாரண பாலித்தீன் (எல்.டி.பி.ஈ.) வழியே நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 7,000 முதல் 8,000 கன செ.மீ. வரை போகும். பிஸ்கெட் உறைகளில் காணும் பி.ஓ.பி.பி. பிலிமுக்கு இது 1,500 முதல் 2,500 வரை இருக்கும். 12 மைக்ரான் பாலியெஸ்டர் 100ஐ ஒட்டியோ சற்று மேலேயோ நிற்கும். அதே பாலியெஸ்டருக்கு அலுமினிய ஆவிப் பூச்சு ஏற்றி மெட்டலைஸ்டு ஆக்கினால் 1 அளவுக்கு இறங்கிவிடும். அலுமினியத் தாள் சேர்ந்த லேமினேட்டில் 0.05க்கும் கீழ், நடைமுறையில் பூஜ்யம் என்றே கொள்ளலாம்.

ஒரு லட்சம் மடங்கு வேறுபடும் இந்த எண்கள் அனைத்துக்கும் ஒரே அமைப்பு பொருந்தாது. சாதாரணப் பாலித்தீனையும் பாலியெஸ்டரையும் கீழே சொல்லும் எளிய முறையில் ஒரு சிறு தொழிற்கூடத்திலேயே அளக்கலாம். மெட்டலைஸ்டு பிலிமுக்கும் அதற்கு மேற்பட்ட தடுப்புப் பிலிம்களுக்கும் உணர்திறன் மிக்க கூலோமெட்ரிக் கருவி வேண்டும்.

### முதல் முறை: அடைத்து வைத்துப் பார்ப்பது

ஒரு சிறு உலோகக் கிண்ணத்தின் வாயைப் பிலிமால் மூடி, உள்ளிருக்கும் காற்றை நைட்ரஜனால் வெளியேற்றி அடைத்துவிட வேண்டும். பிறகு உள்ளே ஆக்சிஜன் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். இதில் பெரிய கருவி என்று சொல்லத்தக்கது ஆக்சிஜன் அளவி மட்டுமே. கிண்ணத்துக்குள் ஒட்டிய ஒளிரும் பொட்டை வெளியிலிருந்து கண்ணாடிச் சாளரம் வழியே படிக்கும் ஒளியியல் அளவிதான் இதற்குச் சிறந்தது, ஏனெனில் அது உள்ளிருக்கும் வாயுவை எடுத்துக்கொள்வதில்லை. ஊசி குத்தி வாயுவை உறிஞ்சும் அளவியைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு முறையும் உள்ளழுத்தம் குறைந்து கணக்குப் பிறழும்.

தேவையானவை: 8 செ.மீ. உள்விட்டமும் 2 செ.மீ. ஆழமும் கொண்ட எவர்சில்வர் அல்லது அலுமினியக் கிண்ணம், அதன் விளிம்பில் ஓ-ரிங், திருகி இறுக்கும் வளையம், உள்வரும் குழாய், வெளியேறும் குழாய், இரண்டுக்கும் வால்வு, தூய நைட்ரஜன் சிலிண்டர், வெப்பமானி, பிலிம் தடிமன் பார்க்க மைக்ரோமீட்டர். இந்த அளவில் பிலிமின் பரப்பு 50 சதுர செ.மீ., கிண்ணத்தின் கொள்ளளவு 100 கன செ.மீ. கொள்ளளவை வரைபடத்திலிருந்து எடுத்துக்கொள்ளாமல், தண்ணீர் நிரப்பி எடைபோட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. குழாய்களின் உட்பகுதியும் அதில் சேரும்.

1. ரோலின் முதல் சில சுற்றுகளைக் கழித்துவிட்டு, மடிப்பும் கீறலும் இல்லாத இடத்தில் மூன்று வட்டத் துண்டுகள் வெட்ட வேண்டும். கையுறை அணிந்து ஓரத்தை மட்டுமே பிடிக்க வேண்டும். எந்தப் பக்கம் உட்புறம் என்று அப்போதே குறித்துவிட வேண்டும். வெட்டிய பின் தெரியாது.

2. ஒவ்வொரு துண்டிலும் ஐந்து இடங்களில் தடிமன் எடுத்துச் சராசரியை எழுதிவைக்க வேண்டும்.

3. ஓ-ரிங்கில் மெல்லிய படலமாக வேக்குவம் கிரீஸ் தடவ வேண்டும். பிலிமின் நடுப்பகுதியில் கிரீஸ் பட்டால் அந்த இடத்தில் ஊடுருவல் மாறிவிடும்.

4. பிலிமைச் சுருக்கமில்லாமல் விரித்து வைத்து, வளையத்தை எதிரெதிர் திருகுகளாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பிலிம் இழுபட்டு மெலியும்.

5. இரு வால்வுகளையும் திறந்து நைட்ரஜனை மெல்ல ஓட விட வேண்டும். அளவி 0.1 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பின்னும் சில மணி நேரம் ஓட்டம் தொடர வேண்டும். பிலிமில் ஏற்கெனவே கரைந்திருக்கும் ஆக்சிஜன் வெளியேறி, புது ஓட்டம் சீராக இந்த அவகாசம் தேவை.

6. உள்வால்வை முதலில் மூடி, உடனே வெளிவால்வை மூட வேண்டும். வரிசை மாறினால் உள்ளே அழுத்தம் ஏறிப் பிலிம் உப்பும்.

7. குறித்த இடைவெளிகளில் ஆக்சிஜன் சதவீதத்தையும் அறை வெப்பநிலையையும் எழுத வேண்டும். பாலியெஸ்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வீதம் இரண்டு நாள்; சாதாரணப் பாலித்தீனுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை.

8. புள்ளிகளை வரைபடத்தாளில் குறித்து, நேர்கோடாக ஏறும் பகுதியை மட்டும் கணக்குக்கு எடுக்க வேண்டும். உள்ளே 1 சதவீதத்தைத் தாண்டியதும் நிறுத்திவிடலாம். அதற்கு மேல் வெளிக்கும் உள்ளுக்கும் உள்ள வேறுபாடு குறைந்து கோடு வளையத் தொடங்கும்.

எட்டுப் படிகளில் ஐந்தாவதில்தான் பெரும்பாலானோர் அவசரப்படுகிறார்கள். அளவி பூஜ்யத்தைத் தொட்டதும் வால்வை மூடினால், முதல் சில மணி நேரம் ஏறுவது பிலிமிலிருந்து கசியும் பழைய ஆக்சிஜன். அதைப் புது ஊடுருவலாக எண்ணிவிட்டால் நல்ல பிலிம் கெட்ட பிலிம் ஆகிவிடும்.

#### வெற்று ஓட்டம்

பிலிமுக்குப் பதில் தடித்த அலுமினியத் தகட்டை அதே ஓ-ரிங்கில் பொருத்தி, அதே எட்டுப் படிகளையும் செய்து பார்க்க வேண்டும். தகட்டின் வழியே ஆக்சிஜன் போகாது. எனவே அப்போது ஏறுவது முழுவதும் அமைப்பின் கசிவு. இந்த எண்ணைப் பிலிமின் எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். கசிவு பிலிமின் எண்ணில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், கழிப்பதை விட்டுவிட்டு இணைப்புகளைச் சரிசெய்ய வேண்டும்.

கசிவுக்கு அடிக்கடி காரணமாவது சிலிக்கான் குழாய். பார்க்கத் தடிமனாக, காற்றுப் புகாதது போலத் தோன்றினாலும், ஆக்சிஜனை அது எளிதில் உள்ளே விடும். செம்பு அல்லது எவர்சில்வர் குழாயே போட வேண்டும். அக்ரிலிக்கில் செய்த கிண்ணமும் ஆகாது. அதன் சுவரே ஆக்சிஜனைத் தேக்கி வைத்து மெல்ல விடும்.

#### கணக்கு

12 மைக்ரான் பாலியெஸ்டரை 23 டிகிரியில் வைத்து, கசிவைக் கழித்த பின், 48 மணி நேரத்தில் உள்ளே 0.10 சதவீதம் 0.33 ஆக உயர்ந்தது என்று கொள்வோம்.

உயர்வு 0.23 சதவீதம். 100 கன செ.மீ. கொள்ளளவில் இது 0.23 கன செ.மீ.; நாளொன்றுக்கு 0.115. பிலிமின் பரப்பு 0.005 சதுர மீட்டர் என்பதால் சதுர மீட்டருக்கு 23 கன செ.மீ. ஆனால் வெளியே இருந்தது தூய ஆக்சிஜன் அல்ல, காற்று. அதில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். ஆகவே 23ஐ 0.209 ஆல் வகுத்தால் 110.

இத்துடன் நின்றுவிடக் கூடாது. தரமுறைகளில் ஆக்சிஜனின் கன அளவு 0 டிகிரி செல்சியஸ், ஒரு வளிமண்டல அழுத்தம் என்ற நிலைக்கு மாற்றிச் சொல்லப்படுகிறது. 273ஐ 296 ஆல் வகுத்தால் 0.92. 110ஐ இதனால் பெருக்கினால் 101. இந்த எட்டு சதவீதத் திருத்தம் மறந்துபோவதால்தான் ஒரே பிலிமுக்கு இரண்டு கூடங்கள் இரண்டு எண் தருவதாகப் புகார் எழுகிறது. மலைப்பகுதியில் அளப்பவர் காற்றழுத்தத் திருத்தமும் சேர்க்க வேண்டும். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தின் முக்கால் பங்குதான்.

### இரண்டாம் முறை: கூலோமெட்ரிக் கருவி

ஏ.எஸ்.டி.எம். டி 3985, ஐ.எஸ்.ஓ. 15105-2 ஆகிய தரமுறைகளில் சொல்லப்படுவது இந்த முறை. பிலிமின் ஒரு பக்கம் தூய ஆக்சிஜனும் மறுபக்கம் 2 சதவீத ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜனும் ஓடும். ஊடுருவி வரும் ஆக்சிஜனை நைட்ரஜன் ஏந்திக்கொண்டு போய் உணரியில் சேர்க்கும். அங்கே ஒரு ஆக்சிஜன் மூலக்கூறுக்கு நான்கு எலக்ட்ரான் வீதம் மின்னோட்டம் பிறக்கும். நாளொன்றுக்கு 1 கன செ.மீ. ஆக்சிஜன் வந்தால் ஏறத்தாழ 0.2 மில்லி ஆம்பியர். கலந்திருக்கும் ஹைட்ரஜன், சிலிண்டரிலேயே மிச்சமிருக்கும் ஆக்சிஜனை வினையூக்கியில் தண்ணீராக்கி அகற்றுவதற்காக.

கருவி விலையுயர்ந்தது. சிறு தொழில் செய்பவர் வாங்கத் தேவையில்லை. சிப்பமிடல் துறையின் இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் பேக்கேஜிங்குக்குச் சென்னையில் கிளை இருக்கிறது. பிளாஸ்டிக் துறையின் சிபெட் தலைமையகமும் சென்னையில்தான். இத்தகைய கூடங்களுக்குத் துண்டுகளை அனுப்பலாம். ஆனால் கூடத்தில் நடப்பது தெரிந்திருந்தால்தான் சரியான கேள்வி கேட்க முடியும். கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவருக்கோ இது அன்றாட வேலை.

1. பிலிமின் எதிர்பார்க்கும் எண்ணை முதலில் பதிவேட்டில் எழுத வேண்டும். 200க்கு மேல் இருக்கும் என்று தோன்றினால், 50 சதுர செ.மீ. பரப்பை 5 ஆகக் குறைக்கும் அலுமினிய முகமூடித் தகட்டைப் பிலிமில் ஒட்ட வேண்டும். தேவைப்பட்டால் தூய ஆக்சிஜனுக்குப் பதில் காற்றை ஓட்டலாம்.

2. துண்டைப் பொருத்தி இறுக்க வேண்டும்; கிரீஸ், கையுறை, திருகு பற்றி முன்பு சொன்னவை இங்கும் பொருந்தும்.

3. உணரியைப் பாதையிலிருந்து விலக்கி வைத்துவிட்டு, இரு பக்கமும் நைட்ரஜன் ஓட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும். அறைக் காற்று முழுவதும் உணரிக்குள் போனால் அதன் ஆயுள் அன்றே குறைந்துவிடும்.

4. ஓட்டம் தெளிந்த பின் உணரியை இணைத்து, அந்தத் துண்டுக்குரிய பூஜ்ய மதிப்பை எடுக்க வேண்டும். 1க்கும் கீழான பிலிம்களில் இந்தப் பூஜ்யமே முடிவைத் தீர்மானிக்கும்.

5. ஒரு பக்கம் ஆக்சிஜனுக்கு மாற்றி, எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மெல்லிய பாலியெஸ்டர் சில மணி நேரத்தில் நிலைபெறும். தடித்த தாள்களுக்கும் ஈ.வி.ஓ.ஹெச். என்ற தடுப்புப் பிளாஸ்டிக் அடுக்குள்ள பிலிம்களுக்கும் நாட்கணக்கில் ஆகலாம்.

6. தொடர்ந்து பல அளவீடுகள் ஒரே திசையில் ஏறாமலும் இறங்காமலும் நின்றால் மட்டுமே அதை முடிவாக எழுத வேண்டும். இரவு முழுக்க விட்டுக் காலையில் ஒரே எண்ணைப் பார்த்து எழுதுவது போதாது.

7. மூன்று துண்டுகளாவது அளந்து, மூன்று எண்களையும் தனித்தனியே அறிக்கையில் தர வேண்டும். இரண்டு 0.9 என்றும் ஒன்று 6 என்றும் வந்தால் சராசரி எடுப்பது தவறு. அந்த மூன்றாவது துண்டில் கீறலோ ஊசித்துளையோ இருக்கிறதா என்று வெளிச்ச மேசையில் வைத்துத் தேட வேண்டும்.

வாரம் ஒருமுறை, எண் தெரிந்த சான்றளிக்கப்பட்ட பிலிமைப் பொருத்திக் கருவியைச் சரிபார்க்க வேண்டும். உணரி தேய்ந்தால் எண் குறைவாகக் காட்டும். பிலிம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். யாருக்கும் சந்தேகம் வராத பிழை இது.

### வெப்பமும் ஈரமும்

23 டிகிரி, உலர்ந்த நிலை என்பது பரிசோதனைக் கூடத்தின் வசதிக்காக ஏற்பட்டது. சித்திரை மாதத்துச் சரக்குக் கிடங்கில் 35 டிகிரிக்குக் குறையாது. கடற்கரை ஊர்களில் ஈரப்பதமும் சேரும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் பல பிளாஸ்டிக்குகளில் ஊடுருவல் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை கூடும்.

ஈரத்தின் விளைவு பிலிமுக்குப் பிலிம் மாறும். பாலித்தீனும் பாலிப்ரொப்பிலீனும் அதைப் பொருட்படுத்துவதில்லை. நைலான் பாதிக்கப்படும். ஈ.வி.ஓ.ஹெச். உலர்ந்திருக்கையில் 1க்கும் கீழே நிற்கும் மிகச் சிறந்த தடுப்பு. ஈரத்தில் பல மடங்கு பலவீனமாகும். ஊறுகாய், குழம்பு போன்ற ஈரமான பண்டத்துக்கு ஈ.வி.ஓ.ஹெச். பவுச் விற்க வருபவர் உலர்நிலை எண்ணைக் காட்டினால் அதை ஏற்கக் கூடாது. ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தி அளக்கும் ஏ.எஸ்.டி.எம். எஃப் 1927 முறைப்படி எண் கேட்க வேண்டும்.

### பிலிமிலிருந்து பவுச்சுக்கு

தட்டையான பிலிமில் வரும் எண் பவுச்சுக்கு அப்படியே பொருந்தாது. சீல், மடிப்பு, ஜிப் எல்லாம் தனித்தனி வாசல்கள். மெட்டலைஸ்டு பிலிமின் பூச்சு, கசங்கும்போது நுண்ணிய விரிசல் விடும். அதனால் முழுப் பவுச்சையே அளக்கும் ஏ.எஸ்.டி.எம். எஃப் 1307 முறை இருக்கிறது. வெறும் பவுச்சை இரண்டு செம்புக் குழாய்கள் பதித்த தகட்டில் எபாக்சி பசையால் ஒட்டி, பசை முழுதும் இறுகும்வரை விட்டு, உள்ளே நைட்ரஜன் ஓட்ட வேண்டும். வெளியே அறைக் காற்று. முடிவு சதுர மீட்டருக்கு அல்ல, பவுச் ஒன்றுக்கு. அளப்பதற்கு எடுக்கும் பவுச் தொழிற்கூடத்து சீல் இயந்திரத்தில் ஒட்டியதாகவும், கடைவரை போய்த் திரும்பியதாகவும் இருந்தால் எண் உண்மைக்கு நெருக்கமாக வரும்.

பல அடுக்கு பிலிமில் ஒவ்வோர் அடுக்கின் எண்ணையும் தலைகீழாக்கிக் கூட்டி, வந்ததை மீண்டும் தலைகீழாக்கினால் மொத்த எண் கிடைக்கும். 100 உள்ள பாலியெஸ்டருடன் 4,700 உள்ள 40 மைக்ரான் பாலித்தீனைச் சேர்த்தால் 98. பாலித்தீன் குறைத்தது இரண்டே இரண்டு. "ஆக்சிஜன் புகாமலிருக்க உள் பாலித்தீனைத் தடிப்பாக்குங்கள்" என்ற ஆலோசனை கடைகளில் அடிக்கடி கேட்கும். தடிப்பான பாலித்தீன் சீலுக்கு நல்லது, ஆக்சிஜனுக்குப் பயனில்லை.

இனி 15க்கு 20 செ.மீ. கடலை மிட்டாய் பவுச் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரு பக்கமும் சேர்த்து 0.06 சதுர மீட்டர். மேற்சொன்ன பாலியெஸ்டர்–பாலித்தீன் லேமினேட்டில், காற்றில், நாளொன்றுக்கு 1.2 கன செ.மீ. ஆக்சிஜன் புகும், 90 நாளில் சுமார் 110. மெட்டலைஸ்டு லேமினேட்டின் எண் 1 என்றால் 90 நாளில் சுமார் 1.1தான். ஆனால் பவுச்சுக்குள் 100 கன செ.மீ. காற்றை விட்டு சீல் செய்திருந்தால் முதல் நாளே 21 கன செ.மீ. ஆக்சிஜன் உள்ளே இருக்கிறது. அதாவது, விலை கூடிய பிலிமை வாங்கிவிட்டு நைட்ரஜன் அடிக்காமல் சீல் செய்பவரின் பணத்தில் பெரும்பகுதி வீண்.

### பாதுகாப்பு

ஆக்சிஜன் சிலிண்டரின் வால்விலும் ரெகுலேட்டரிலும் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது. அழுத்தமேறிய ஆக்சிஜனில் எண்ணெய் தானாகத் தீப்பிடிக்கும். எண்ணெய்க் கையோடு தொடக்கூடாது. வால்வை மெதுவாகவும் பக்கவாட்டில் நின்றும் திறக்க வேண்டும். கசிவு பார்க்க எண்ணெய் கலக்காத சோப்புநீர் போதும்.

நைட்ரஜன் அதைவிட ஏமாற்றும். அதற்கு மணமில்லை, எரிச்சலில்லை. மூச்சுத்திணறல்கூடத் தெரியாமல் மயக்கம் வரும். ஏ.சி.க்காகக் கதவு ஜன்னல் அடைத்த சிறு அறையில் நைட்ரஜனை ஓட விடக்கூடாது. வெளியேறும் வாயுவைக் குழாய் வைத்து அறைக்கு வெளியே விட வேண்டும். அறையில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவியைச் சுவரில் மாட்ட வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் உடனே ஓடிப்போய்த் தூக்கக் கூடாது. வெளியிலிருந்து வாயுவை நிறுத்திக் கதவு ஜன்னல்களைத் திறந்த பிறகே நுழைய வேண்டும். இல்லையேல் இருவர் விழுவார்கள்.

சிலிண்டர்களைச் சங்கிலியால் சுவரோடு கட்ட வேண்டும். உருட்டிக்கொண்டு போகாமல் தள்ளுவண்டியில் கொண்டுபோக வேண்டும்.

### அறிக்கையில் இருக்க வேண்டியவை

"ஓ.டி.ஆர். 20" என்று மட்டும் எழுதிய தாள் எதற்கும் உதவாது. தூய ஆக்சிஜனில் 20ஆ, காற்றில் 20ஆ? இரண்டுக்கும் ஐந்து மடங்கு வேறுபாடு. சதுர மீட்டருக்கா, 100 சதுர அங்குலத்துக்கா? அமெரிக்க நிறுவனங்களின் தாள்களில் பின்னது வரும், அதை 15.5 ஆல் பெருக்கினால்தான் சதுர மீட்டர் கணக்கு. தடிமன் சொல்லாமல் "25 மைக்ரானுக்கு மாற்றியது" என்று எழுதியிருந்தால் லேமினேட்டுக்கு அந்த மாற்றமே செல்லாது.

எனவே அறிக்கையில் தரமுறை எண், பிலிமின் அடுக்குகளும் தடிமனும், எந்தப் பக்கம் ஆக்சிஜனை நோக்கியிருந்தது, வெப்பநிலை, இரு பக்க ஈரப்பதம், ஆக்சிஜன் சதவீதம், எத்தனை துண்டுகள், ஒவ்வொன்றின் எண், அலகு, அளந்த தேதி ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டிருந்தாலும் பிலிமுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் அறிக்கையைத் திருப்பி அனுப்பி, எழுதி வாங்கிவிட வேண்டும்.